பழைய டீசல் பிக்கப்: புகை சொல்லும் கணக்கு

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு, அடிவாரம் தாண்டி ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். சிமெண்ட் மூட்டையும் மளிகைச் சரக்கும் ஏற்றிக்கொண்டு மேலே போகும் பழைய டீசல் பிக்கப், அடிவாரம் வரை பெரிதாகப் புகை காட்டாது. பாதி மலை ஏறியதும் பின்னால் கறுப்பாக விடத் தொடங்கும். 'பம்ப் போய்விட்டது' என்று ஓட்டுநர் முடிவு கட்டிவிடுவார். பம்பில் ஒரு குறையும் இல்லாமலே இது நடக்கலாம்.

காரணம் காற்று. ஒரு லிட்டர் டீசலின் எடை ஏறக்குறைய 830 கிராம். அது முழுதாக எரிய சுமார் 12 கிலோ காற்று வேண்டும். சமவெளியில் 12 கிலோ காற்று என்பது ஏறத்தாழ 10,000 லிட்டர். மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைகிறது. சேலத்தில் ஒரு சிலிண்டர் உள்ளிழுக்கும் காற்றின் எடையைவிட ஏற்காட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவாகத்தான் கிடைக்கும். டர்போ இல்லாத பழைய என்ஜினின் மெக்கானிக்கல் பம்புக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கீழே கொடுத்த அதே அளவு டீசலை மேலேயும் கொடுக்கிறது. எரியக் காற்றில்லாமல் மிஞ்சும் கார்பன்தான் கரும்புகை.

பழைய டீசல் வண்டியை வீட்டு வாசலில் வைத்துச் சரிசெய்ய நினைப்பவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இந்த அளவுக் கணக்கைத்தான். இத்தனை காற்றுக்கு இத்தனை டீசல், இந்த இடைவெளி, இந்த நேரம், இந்த எடை என்று எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்தி வண்டியை வடிவமைத்திருக்கிறார்கள். தேய்ந்துபோன அளவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது பழுதுபார்ப்பு. மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு ஒரே ஓர் அளவை மட்டும் கூட்டுவது, பெரும்பாலான 'ஆல்ட்டரேஷன்' வேலைகளில் நடப்பது.

சேலம், நாமக்கல் சமவெளியில் வண்டி வேலை புதிதல்ல. நாமக்கல் லாரிக்கு பாடி கட்டும் ஊர்; சங்ககிரி லாரி உரிமையாளர்களின் ஊர்; திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. பட்டறைக்குப் போகாமல் ஆயில் மாற்றுவது, டாப்பட் வைப்பது, ஏர் எடுப்பது வரை தானே செய்துகொள்ளும் சொந்த வண்டிக்காரர்கள் இங்கே ஏராளம். கைவேலை தெரிந்தவர்களுக்குக் காரணமும் தெரிந்தால் செலவும் ஆபத்தும் குறையும்.

எண்ணுக்குள் இருக்கும் அளவு

1986இல் டாடா 407 வந்தது. 1988இல் டாடாமொபைல் பிக்கப் வந்தது. டாடாமொபைலின் என்ஜினுக்கு 483 என்று பெயர். நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டமும் 83 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 1,948 சி.சி. வரும். பின்னால் வந்த 207 டி.ஐ. பிக்கப்பில் இருப்பது 497: நான்கு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் விட்டம், 100 மில்லிமீட்டர் ஓட்டம், 2,956 சி.சி.

மகிந்திரா பொலேரோ பிக்கப்பின் 2,523 சி.சி. என்ஜினை அளந்தால் 88.9 மில்லிமீட்டர் விட்டமும் 101.6 மில்லிமீட்டர் ஓட்டமும் இருக்கும். அங்குலத்தில் சொன்னால் சரியாக மூன்றரை, நான்கு. இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் பழைய பி.டி. 154 டிராக்டர் என்ஜினின் அளவும் இதேதான். 1960களில் இந்தியாவில் டிராக்டர் செய்ய மகிந்திரா கைகோத்தது அந்த நிறுவனத்தோடுதான்.

2005இல் வந்த டாடா ஏஸ் இதற்கு நேர் எதிர். இரண்டே சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத்திறன். 'சின்ன யானை' என்று ஊரே அழைக்கும் அந்த வண்டியின் பழைய மாடல்களும் இன்று வீட்டு வாசல்களில் திறந்து வேலை பார்க்கப்படும் வயதுக்கு வந்துவிட்டன.

போரிங் செய்யும்போதும் பிஸ்டன், ரிங் வாங்கும்போதும் இந்த எண்கள் உதவும். 97 மில்லிமீட்டர் சிலிண்டர் தேய்ந்து கால் மில்லிமீட்டர் அகன்றால்கூட என்ஜினின் குணம் மாறிவிடும். ஏன் என்று பார்க்க டீசல் எப்படித் தீப்பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தீப்பொறி இல்லாத நெருப்பு

1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. இன்றைய டீசலிலும் இல்லை. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் அழுத்தினால் அந்தக் காற்றே கொதிக்கிறது. 30 டிகிரி வெயிலில் இழுத்த காற்றை 22 மடங்கு அழுத்தினால் ஏட்டுக் கணக்கில் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சிலிண்டர் சுவரும் பிஸ்டனும் வெப்பத்தில் ஒரு பகுதியை இழுத்துக்கொள்வதால் நடைமுறையில் அதைவிடக் குறையும். டீசல் தானாகப் பற்றிக்கொள்ள 210 டிகிரி அளவில் இருந்தாலே போதும் என்றாலும், கண்ணிமைக்கும் நேரத்தில் பற்ற வேண்டுமானால் அதைவிடப் பல நூறு டிகிரி அதிகச் சூடு வேண்டும்.

ரிங் தேய்ந்தால் அழுத்தப்படும் காற்று பக்கவாட்டில் ஒழுகிக் கீழே ஆயில் அறைக்குப் போகிறது. பட்டறைக்காரர்கள் இதை 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள். என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், உள்ளிருந்து புகை விட்டுவிட்டு அடிக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது என்ஜின் மெதுவாகச் சுழல்வதால், கசிவதற்கு நேரம் அதிகம். சூடு போதாமல் டீசல் எரியாத மூடுபனியாக வெளியே வருகிறது. விடிகாலை வெள்ளைப் புகைக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஏஸ் போன்ற, டீசலை ஒரு சிறு முன்னறைக்குள் பீய்ச்சும் என்ஜின்களில் அந்த அறையின் சுவரே நிறைய வெப்பத்தைத் தின்றுவிடுகிறது. அதனால்தான் அவற்றில் ஹீட்டர் பிளக் இருக்கிறது. சமவெளியின் வெயிலில் ஹீட்டர் பிளக் போனது தெரியாமலே மாதக்கணக்கில் ஓட்டிவிடலாம். மார்கழிக் குளிரில் ஏற்காட்டில் ஓரிரவு நிறுத்தினால் காலையில் தெரிந்துவிடும்.

புகைக்கு மூன்று நிறம் உண்டு. கறுப்பு என்றால் காற்றுக்கு மிஞ்சிய டீசல்: அடைத்த ஏர் ஃபில்டர், சொட்டும் நாசில், தாமதமான டைமிங், அல்லது ஏற்றிவைத்த பம்ப். நீலம் என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது: ரிங்கையும் வால்வு சீலையும் பார்க்க வேண்டும். வெள்ளை என்றால் எரியாத டீசல், அல்லது ஹெட் கேஸ்கெட் வழியாகச் சிலிண்டருக்குள் கசியும் தண்ணீர். என்ஜின் சூடேறிய பிறகும் வெள்ளை நிற்காமல், ரேடியேட்டரிலும் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால், சந்தேகம் கேஸ்கெட்மேல்தான். கறுப்புப் புகைக்குப் பம்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஏர் ஃபில்டரை மாற்றிப் பார்ப்பது சில நூறு ரூபாயில் முடிகிற வேலை.

ஏர் எடுப்பது

டேங்க் காய்ந்து வண்டி நின்றால், டீசல் ஊற்றினாலும் ஸ்டார்ட் ஆகாது. திரவத்தை அழுத்தினால் அது சுருங்காது, காற்று சுருங்கும். பம்பின் பிளஞ்சர் அழுத்தும்போது குழாய்க்குள் காற்றுக்குமிழ் இருந்தால், அந்த அழுத்தம் முழுவதும் குமிழைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது, நாசில் திறப்பதில்லை. பழைய மெக்கானிக்கல் என்ஜின்களில் நாசில் திறக்க, வகைக்கேற்ப 120 முதல் 250 பார் வரை அழுத்தம் வேண்டும். ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்.

செய்முறை எளிது. டீசல் ஃபில்டர் தலையில் இருக்கும் பிளீட் ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு, பிரைமர் பம்பைக் கையால் அடிக்க வேண்டும். முதலில் நுரை வரும். பிறகு குமிழ் கலந்த டீசல் வரும். கடைசியில் கண்ணாடி போலத் தெளிந்த டீசல் மட்டும் வரும். அந்த நிலையிலேயே, பிரைமரை அழுத்திப் பிடித்தபடி ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். அடுத்து நாசிலுக்குப் போகும் பைப்புகளின் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஒருவர் செல்ஃப் அடிக்க, நட்டு ஓரத்தில் டீசல் துளிர்ப்பதைப் பார்த்து ஒவ்வொன்றாக இறுக்கினால் என்ஜின் பிடித்துக்கொள்ளும்.

ஓடும் என்ஜினில் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்கவும் இதே நட்டுதான் உதவுகிறது. ஐட்லிங்கில் ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தினால், நல்ல சிலிண்டருக்கு என்ஜின் தடுமாறும். செத்த சிலிண்டருக்கு எந்த மாற்றமும் இருக்காது.

இந்த வேலை மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு மட்டுமே. 2017 ஏப்ரலில் பி.எஸ். 4 புகை விதி நாடு முழுவதும் வந்தபின் பிக்கப்களில் பெரும்பாலும் காமன் ரயில்தான். முதல் தலைமுறைக் காமன் ரயிலிலேயே அழுத்தம் 1,350 பார் வரை போனது. ஓடும்போது அந்தக் குழாயின் நட்டைத் தளர்த்தினால் ஊசி முனை போன்ற டீசல் கீற்று தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். உள்ளே திசு அழுகத் தொடங்கும். உடனடி அறுவைச் சிகிச்சை இல்லாவிட்டால் விரலையே எடுக்க நேரிடலாம். பழைய வண்டியிலும் நாசில் பீய்ச்சும் வேகத்துக்கு நேரே கையை நீட்டக் கூடாது.

பம்பை மட்டும் வீட்டில் திறக்காமல் இருப்பது நல்லது. 1927இல் ராபர்ட் போஷ் நிறுவனம் டீசல் பம்பைத் தொழிற்சாலையில் பெருமளவில் செய்யத் தொடங்கியது. 1951இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. நிறுவனத்தின் பெயர் 2008இல் போஷ் என்று மாறிய பிறகும் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் அது 'மைக்கோ பம்ப்'தான். அதன் பிளஞ்சருக்கும் உறைக்கும் இடையிலுள்ள இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. தலைமுடியின் தடிமன் 60, 70 மைக்ரான் இருக்கும். தெருவில் பறக்கும் தூசியே அந்த இடைவெளியில் கீறல் போடப் போதுமானது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் சமமான அளவு டீசல் போகிறதா என்று டெஸ்ட் பெஞ்சில் அளந்துதான் பம்ப் கடைக்காரர் சீல் வைக்கிறார். வீட்டில் செய்யக்கூடியது, ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரைத் தவறாமல் வடிப்பது. துருவும் தண்ணீரும்தான் பம்பின் முதல் எதிரிகள்.

டாப்பட் வைக்கும் கணக்கு

வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே விட வேண்டிய சிறு இடைவெளிதான் டாப்பட் அளவு. சூட்டில் இரும்பு நீளும். அதற்கு இடம் விடாவிட்டால் வால்வு முழுதாக மூடாது. அழுத்தம் கசியும், வால்வு விளிம்பு கருகும். இடைவெளி கூடினால் 'டக் டக்' என்று சத்தம் வரும், வால்வு திறக்கும் உயரம் குறையும்.

நான்கு சிலிண்டர் என்ஜினில் எரியும் வரிசை 1-3-4-2. இதில் அழகான ஒரு வசதி உண்டு. நான்காம் சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் ஒரே நேரத்தில் அசையும் கணத்தில், அதாவது ஒன்று மூடிக்கொண்டே மற்றது திறக்கத் தொடங்கும்போது, முதல் சிலிண்டரின் வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும். அப்போது முதல் சிலிண்டருக்கு டாப்பட் வைக்கலாம். மூன்றாவது அசைந்தால் இரண்டாவதுக்கு, இரண்டாவது அசைந்தால் மூன்றாவதுக்கு, முதலாவது அசைந்தால் நான்காவதுக்கு. அசைவதும் அளப்பதும் கூட்டினால் எப்போதும் ஐந்து. ஃபீலர் கேஜ் இடைவெளிக்குள் லேசாக உரசிப் போக வேண்டும். எத்தனை மில்லிமீட்டர், என்ஜின் சூடாக இருக்கும்போதா ஆறிய பிறகா என்பதை அந்தந்த என்ஜினின் கையேடுதான் சொல்ல வேண்டும். பக்கத்து வண்டியின் அளவு உதவாது.

ஸ்க்ரூவைத் திருகினால்

ஏற்றத்தில் இழுவை போதவில்லை என்றதும் பலர் கை வைப்பது பம்பின் ஃபுல் லோட் ஸ்க்ரூவில். சீலை அறுத்து அதைக் கொஞ்சம் திருகினால் டீசல் கூடுதலாகப் போகும். சமவெளியில் வண்டி பாய்வதுபோலவும் தெரியும். காற்று மட்டும் கூடவில்லை. மிஞ்சிய டீசல் தாமதமாக எரிந்து, புகைக்குழாயின் சூட்டை ஏற்றுகிறது. பிஸ்டன் அலுமினியக் கலவையில் செய்தது. தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகும், பிஸ்டன் கலவை அதற்கும் முன்பே வலுவிழக்கும். எரியாத கரி சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கி அதைக் கறுப்பாக்கி, தேய்மானத்தைக் கூட்டுகிறது. ஏற்காடு ஏற்றத்தில் ஏற்கெனவே காற்றுக் குறைவு. ஸ்க்ரூ திருகிய வண்டி அங்கே இரட்டைக் கடனில் ஓடுகிறது.

இதற்கு நேர்மையான விடை டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தாலேயே ஒரு காற்றாடியைச் சுழற்றி அதிகக் காற்றை உள்ளே திணிக்கும் யோசனைக்கு, சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூஷி 1905இலேயே காப்புரிமை வாங்கினார். டர்போவுக்கென்றே வடிவமைத்த என்ஜின்கள் பலவற்றில் பிஸ்டனின் அடிப்பக்கம் ஆயில் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஜெட் இருக்கும். பிஸ்டன், கேஸ்கெட், ரேடியேட்டர் எல்லாம் அதற்கேற்றவை. இவை எதுவும் இல்லாத பழைய என்ஜினில் டர்போவை மட்டும் மாட்டுவது, கூடுதல் சூட்டைத் தாங்க வழி செய்யாமல் சூட்டை மட்டும் கூட்டுவதாகும். பழைய என்ஜினுக்கு இழுவை குறைந்ததாகத் தோன்றினால், ஏர் ஃபில்டர், டாப்பட், நாசில், டைமிங், கிளட்ச் பிளேட் ஆகிய ஐந்தையும் பழைய அளவுக்குக் கொண்டுவந்தாலே இழந்த பலத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும்.

பட்டை கூட்டினால்

அடுத்த ஆசை, பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டுவது. ஐந்து பட்டைக்கு ஆறாவதாக அதே தடிமனில் ஒன்று சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். தடிமன் கூடிய பட்டை என்றால் கணக்கு இன்னும் ஏறும்: தடிமன் இரட்டித்தால் அந்தப் பட்டையின் விறைப்பு எட்டு மடங்கு. வண்டியின் பின்பக்கம் தொங்காது என்பதால் கூடுதல் சுமை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. ஆக்சில், பேரிங், டயர், பிரேக் எதுவும் கூடவில்லை.

இறங்கும்போது என்ன ஆகிறது என்று பார்க்கலாம். மொத்தம் இரண்டரை டன் எடையுள்ள வண்டி ஏற்காட்டிலிருந்து 1,200 மீட்டர் கீழே இறங்கினால் வெளியேற்ற வேண்டிய ஆற்றல் சுமார் 29 மெகாஜூல். வீட்டு மீட்டரில் ஏறக்குறைய 8 யூனிட் மின்சாரம். நான்கு சக்கரத்தின் டிரம்மும் டிஸ்க்கும் சேர்ந்து 60 கிலோ இரும்பு என்று வைத்துக்கொண்டு, அத்தனை ஆற்றலும் ஆறாமல் அதிலேயே தங்குவதாகக் கொண்டால், சூடு 1,000 டிகிரியைத் தாண்டும். அப்படி நடக்காமல் காப்பவை இரண்டு: வீசும் காற்றும், கியரில் இறங்கும்போது என்ஜின் கொடுக்கும் இழுவைத் தடையும். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்கச் சொல்வது இதனால்தான். சூடான பிரேக்கில் இன்னொரு ஆபத்தும் உண்டு. புதிய டாட் 3 பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிப் பழையதானால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி. மிதித்தால் பெடல் தரைவரை போகும்.

டீசல் மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்துவிட்டு இறக்கத்தில் விடும் பழக்கம் இதைவிட மோசம். பெட்ரோல் என்ஜினில் த்ராட்டில் மூடும்போது வெற்றிடம் தானாகக் கிடைக்கும். பழைய டீசலில் அப்படி இல்லை. பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தைத் தனி வேக்குவம் பம்ப் உண்டாக்குகிறது. பல பிக்கப்களில் அது ஆல்டர்னேட்டரின் பின்னால் ஒட்டியிருக்கும். என்ஜின் நின்றால் அதுவும் நிற்கும். சில மிதிக்குள் பெடல் கல்லாகிவிடும்.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளரின் அளவுக்கும் முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. முன்னால் மாட்டும் இரும்புக் கம்பி பம்பருக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டி ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். புகைச் சோதனையில் பி.எஸ். 4க்கு முந்தைய டீசல் வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு உச்சவரம்பு, பி.எஸ். 4 வண்டிக்கு 50.

இந்த வரம்பு தாளுக்காகப் போட்டதல்ல. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்து, முதல் வகைப் பட்டியலில் சேர்த்தது. வாசலில் வண்டியை ஐட்லிங்கில் விட்டு வேலை பார்க்கும்போது அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது வேலை செய்பவரும் வீட்டுக் குழந்தைகளும்தான்.

ஆகவே வீட்டில் ஸ்பானர் எடுப்பவர்களுக்குச் சில வேண்டுகோள்கள். சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கியோடு ஸ்டாண்டும் கொடுத்த பிறகே வண்டிக்கு அடியில் போங்கள். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடாதீர்கள். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், மறுசுழற்சிக்கு வாங்குபவரிடம் கேனில் கொடுங்கள். பிரேக் ஆயிலைக் கையேடு சொல்லும் காலக்கெடுவில் மாற்றுங்கள். பம்பின் சீலில் கை வைக்கத் தோன்றினால், முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.